கண் மறைந்தால் கை அறியவேண்டும்

பெண்ணாடத்தில் ஓர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தோம். சிங்கப்பூர் மாமன் அனுப்பிய மெய்நிகர்க் கண்ணாடியை அணிந்து, அவ்வீட்டு மாணவன் கணினியில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி கண்களை முற்றும் மறைத்தமையால் விசைப்பலகையைத் தடவித் தேடினான். அதற்குள் விமானம் தரையில் மோதியது!

1929-இல் அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பார், தம் தந்தையாரின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளைக் கொண்டே விமானப் பயிற்சிப் பொறியை அமைத்தார். (நம் ஆலய ஆர்மோனியத்திற்கும் துருத்திதானே உயிர்!) 1934-இல் தபால் சுமந்த இராணுவ விமானிகள் சிலர் மாண்டபின், அந்நாட்டு இராணுவம் அவற்றுள் ஆறினை வாங்கிற்று. மூடிக்குள் வெளியுலகம் தெரியாது. ஆயினும் தடியும் மிதிகளும் மெய்யான விமானத்தைப் போன்றே கைகால்களுக்கு அகப்பட்டன.

இம்மாணவனுக்கும் அதுவே தேவை. வலக்கைக்குத் தடி, இடக்கைக்கு வேகநெம்பு, பாதங்களுக்கு மிதிகள். யாவும் அசையாது பொருந்தவேண்டும். உருளை வைத்த நாற்காலி ஆகாது, மிதித்ததும் பின்னே ஓடிவிடும்.

விலை கேட்டுத் தந்தையார் திகைத்தார். தடியை இப்போது வாங்குக, மிதிகள் கரும்பு வெட்டு முடிந்தபின் ஆகட்டும் என்றோம்.