நீர்த்தடம் – 7: கால்வாய்மேல் பறக்கும் ரயில்

சென்ற வாரம் எண்ணூரிலிருந்து கூவம் வரை பக்கிங்காம் கால்வாயோடு வந்தோம். இந்த வாரம் கூவத்திலிருந்து அடையாறு வரை. தூரம் என்னவோ எட்டு கிலோமீட்டர்தான். தென்சென்னையில் சாலையும் ரயிலும் கடைத்தெருவும் எப்படி இடம் பிடித்தன என்று பார்க்க இந்த எட்டு கிலோமீட்டரும், பக்கத்திலிருந்த ஓர் ஏரியும் போதும்.

வடக்குப் பகுதியை 1806இல் வெட்ட முதல் போட்டவர் பேசில் காக்ரேன் என்ற வணிகர். தெற்குப் பகுதிக்கு முதல் போட்டது பஞ்சம். தாது வருஷத்தில் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து விழுந்த ஜனங்களுக்கு நிவாரண வேலையாக 1877–78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் முழுக் கால்வாய்க்கும் வந்தது. வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரை, சுமார் 420 கிலோமீட்டருக்குப் படகு தடையில்லாமல் போகலாம் என்றாயிற்று.

படகில் வந்தது பெரும்பாலும் விறகும் உப்பும். கடலோர மணலில் வளர்ந்த சவுக்கு வெட்டுப்பட்டு, படகேறி, மயிலாப்பூர் அடுப்புகளுக்கு வந்து சேர்ந்தது. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி. அதுவும் ஆகாதபோது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தார்கள். மெதுவான போக்குவரத்துதான். ஆனால் விறகுக்கு அவசரம் கிடையாது, கூலியும் குறைவு. பிறகு லாரி வந்தது. தோப்பில் ஏற்றிய கட்டை நேரே விறகுத்தொட்டி வாசலில் இறங்கியது. 1965, 1966 புயல்களில் கரைகள் சிதைந்தபின் படகுப் போக்குவரத்து எழுந்திருக்கவே இல்லை. மிஞ்சியது சாக்கடை.

இதற்குள் மேற்கே இன்னொரு நீர்நிலை ஊராகிவிட்டிருந்தது. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து நீண்ட ஏரி என்று பெயர். நீதிக்கட்சி ஆட்சியில், 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வந்த கையோடு அதை வடித்து மனை போட்டார்கள். அதுதான் தியாகராய நகர். மாம்பலம் ரயில் நிலையம் 1911இலேயே இருந்தது; 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தாம்பரம் பக்கத்து ஜனம் மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெரு வழியே நடந்தால் பனகல் பூங்கா. 1928இல் தொடங்கிய நல்லி பட்டுக்கடை முதல் இன்றைய அடுக்குமாடிக் கடைகள் வரை, வியாபாரம் இந்த நடைபாதையைத்தான் நம்பி வளர்ந்தது. ரயிலடியும் கடைவீதியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே தி. நகரின் மூலதனம்.

மயிலாப்பூர்ப் பக்கம் ரயிலுக்கு வழி தேடியபோது கண்ணில் பட்டது செத்துக் கிடந்த கால்வாய். அரசு நிலம், வீடு இடிக்க வேண்டியது குறைவு, இழப்பீடும் குறைவு. கால்வாய்ப் படுகையிலேயே தூண்கள் இறங்கின. பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம், 1997இல் திருமயிலை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என்று நீண்டது. அதற்கப்பால் பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர்தான். 2008இல் தொடங்கிய அந்த வேலை, ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் தனியார் நிலத்துக்கான வழக்குகளில் பத்தாண்டுக்கு மேல் சிக்கியது. தண்ணீர் வழக்குப் போடவில்லை, மனிதர்கள் போட்டார்கள். நீர்நிலை ஏன் இத்தனை மலிவாகத் தெரிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மலிவாக வாங்கியதற்குப் பாக்கி இருக்கிறது. கால்வாயில் தூண்களும் குப்பையும் போக மிஞ்சிய இடத்தில்தான் மழைநீர் ஓட வேண்டும். பழைய ஏரி இருந்த பள்ளத்தின் நீர் வள்ளுவர் கோட்டத்தருகே தொடங்கி, தி. நகரைக் கடந்து அடையாற்றுக்குப் போகும் மாம்பலம் கால்வாயில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டு, அடையாறே கரைபுரண்டபோது, அதில் போய்ச் சேர வேண்டிய வாய்க்கால்களின் தண்ணீர் எங்கே போகும்? சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. 2021 நவம்பர் மழையில் தி. நகர்த் தெருக்களில் முழங்கால் தண்ணீர்.

இப்போது மெட்ரோ தரைக்கடியில் போகிறது. கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழியும், மாதவரம்–சிறுசேரி வழியும் திருமயிலையில் ஒன்றையொன்று கடக்கின்றன. பசுமைவழிச் சாலையிலிருந்து அடையாற்றுக்குக் கீழே சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். செலவு மிக அதிகம். ஆனாலும் இதுதான் நியாயமான கணக்கு. படுகையில் தூண் நட்டபோது மிச்சமான பணம் எங்கும் போய்விடவில்லை. தரைத்தளத்தில் குடியிருப்பவர் அதை வடகிழக்குப் பருவமழைதோறும் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். எந்தத் திட்ட அறிக்கையிலும் அந்தத் தவணைக்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை. இனி ஒதுக்க வேண்டும்.

அடுத்த வாரம்: சைதாப்பேட்டையில் 1726இல் ஓர் ஆர்மீனிய வணிகர் கட்டிய மர்மலாங் பாலம்.

(தொடரும்)