உங்களுக்குத் தெரியுமா? ஒரு வெட்டா, இரண்டு வெட்டா!

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடையில் ‘எம்.2 எஸ்எஸ்டி’ என்று மட்டும் கேட்டால், சாட்டா, என்விஎம்இ என்ற இரண்டு வகைகளில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். சூயிங்கம் பட்டை போல இரண்டும் ஒரே அளவுதான். தங்க நிற முனையைப் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும். ஒரு வெட்டு என்றால் பொதுவாக என்விஎம்இ. அதில் நான்காம் தலைமுறை 7,000 எம்பியைத் தொடும். லேப்டாப்பில் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்தான் என்றால் அதில் பாதிதான் கிடைக்கும்.

விலை ரொம்ப மலிவா? கியூஎல்சியா என்று கேளுங்கள். ஒரு செல்லில் 4 பிட்டைத் திணிக்கும் ரகம் அது. பெரிய வீடியோவை காப்பி செய்யும்போது கேச் (தற்காலிகச் சேமிப்பு) நிரம்பியதும் ஹார்டு டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடுவதுண்டு. எடிட்டிங் வேலைக்கு 3 பிட் டிஎல்சிதான் சரி. பிரவுசரும் எக்செல்லும்தான் என்றால் சாட்டாவே தாராளம். கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்!

எஸ்எஸ்டியின் தொடக்க காலம் எப்படி இருந்தது தெரியுமா? 1991-ல் ஐபிஎம்முக்காக சன்டிஸ்க் செய்து கொடுத்த பிளாஷ் எஸ்எஸ்டியின் கொள்ளளவு வெறும் 20 எம்பி. விலை சுமார் 1,000 டாலர். சன்டிஸ்க்கைத் தொடங்கிய மூவரில் ஒருவர் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. பின்னர் சான்டிஸ்க் எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்துக்கு இன்று பெங்களூருவிலும் ஆய்வு மையம் உண்டு.