இரண்டு விதிகளுக்கு ஆறு முகங்கள்

மனத்துக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 0, 1 இரண்டு மட்டும் வேண்டாம். நினைத்த எண்ணை 1-இலிருந்து கழியுங்கள். வந்த விடையைத் தலைகீழாக்குங்கள், அதாவது 1-ஐ அந்த விடையால் வகுங்கள். இந்த இரண்டு வேலைகளையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போங்கள்.

நான் 5-ஐ எடுத்துக்கொள்கிறேன். கழித்தால் −4. தலைகீழாக்கினால் −1/4. கழித்தால் 5/4. தலைகீழ் 4/5. கழித்தால் 1/5. தலைகீழ் 5! ஆறாவது அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று. 7-இல் தொடங்குங்கள், 3.6-இல் தொடங்குங்கள், ஆறாவது அடியில் வீடு திரும்பிவிடுவீர்கள்.

எண்களையே பார்த்துக்கொண்டிருந்தால் இதற்குக் காரணம் பிடிபடாது. எண்கள் மாறுகின்றன, மாறாமல் இருப்பவை நாம் செய்யும் வேலைகள். அவற்றைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் அவற்றுக்குப் பெயர் வைக்க வேண்டும்.

கணிதத்தில் இந்தப் பெயர் சூட்டல் நடந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. 1718-இல் யோஹான் பெர்னூலி, இப்படி எண்ணை மாற்றும் விதியை, அதாவது சார்பைக் குறிக்க ஃபை என்ற கிரேக்க எழுத்தை அடைப்புக்குறி இல்லாமல் எண்ணுக்கு முன்னால் எழுதினார். பாசெல் நகரில் சனிக்கிழமை மதியங்களில் அவரிடம் சந்தேகம் கேட்கப் போன மாணவர் லியோனார்டு ஆய்லர். 1734-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் ஆய்லர் ஓர் எழுத்தைப் போட்டு, அதன் பக்கத்தில் அடைப்புக்குறியையும் போட்டார். இன்று வகுப்பறையில் ‘எஃப் ஆஃப் எக்ஸ்’ என்று சொல்லும் குறியீடு அதுதான்.

எந்த எழுத்தாக இருந்தாலும் சரிதான். நம் விளையாட்டுக்குக் கழித்தலை ‘க’ என்றும் தலைகீழாக்குவதைத் ‘த’ என்றும் வைத்துக்கொள்வோம். நினைத்த எண் ‘எ’.

க(எ) = 1 − எ
த(எ) = 1/எ

இந்த அடைப்புக்குறிதான் பலரை வழுக்கிவிடும் இடம். 2(3 + 4) என்று எழுதினால் பெருக்கல். அந்தப் பழக்கத்தில் க(எ) என்பதையும் ‘க பெருக்கல் எ’ என்று படித்துவிடுகிறோம். இங்கே அடைப்புக்குறி அரவை மில்லில் தானியம் கொட்டும் வாய். உள்ளே எதைக் கொட்டினாலும் விதி அதை முழுதாக அரைத்துத் தரும். வர்க்கம் காணும் விதிக்கு ‘வ’ என்று பெயர் வைத்தால், வ(2 + 3) என்பது 25. 2-ஐயும் 3-ஐயும் தனித்தனியே அரைத்துக் கூட்டினால் 13-தான் தேறும்.

கொட்டும் சரக்கு இன்னொரு மில்லிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். த(க(எ)) என்றால், எண் முதலில் ‘க’-வுக்குள் போகிறது. அங்கே வெளிவருவது ‘த’-வுக்குள் போகிறது. சார்புகளின் சேர்க்கை என்று பாடப்புத்தகம் சொல்வது இதுதான். இடமிருந்து வலமாகப் படிக்கும் கண்ணுக்கு ‘த’ முன்னால் தெரிந்தாலும், எண்ணை முதலில் தொடுவது அதற்கு அருகில் இருக்கும் ‘க’. ஆகவே உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டும்.

வரிசை மாறினால் விடையும் மாறலாம். 1000 ரூபாய்ப் புடவைக்கு 200 ரூபாய் கூப்பனும் 10 சதவீதத் தள்ளுபடியும் இருக்கின்றன. கூப்பனை முதலில் கழித்தால் 800. அதில் 10 சதவீதம் போக 720. தள்ளுபடியை முதலில் போட்டால் 900; கூப்பன் போக 700. விதிகள் அவையேதான், வரிசைக்கு விலை 20 ரூபாய். செய்ததைத் திருப்பவும் வரிசை வேண்டும். பனியன் போட்டு அதன்மேல் சட்டை போட்டவர், கழற்றும்போது சட்டையில்தான் தொடங்க வேண்டும்.

இப்போது விளையாட்டுக்குத் திரும்புவோம். ‘க’-வை இரண்டு முறை செய்தால் 1 − (1 − எ), அதாவது பழைய எ. ‘த’-வும் அப்படியே, தலைகீழின் தலைகீழ் நேர். தன்னையே திருப்பிவிடும் இத்தகைய விதிகளைத் தேடுவதில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார் சார்லஸ் பாபேஜ். கணக்கிடும் இயந்திரங்களால் பின்னாளில் புகழ்பெற்ற அவர், 1815-இலும் 1816-இலும் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் சார்புகளின் கணிதம் பற்றி நீண்ட கட்டுரைகள் எழுதினார்.

‘க’, ‘த’ இரண்டையும் இதே வரிசையில் சேர்த்தால் வரும் புது விதிக்கு ‘ச’ என்று பெயரிடுவோம்: ச(எ) = 1/(1 − எ). இதை இதற்குள்ளேயே கொட்டினால் (எ − 1)/எ கிடைக்கும். மூன்றாம் முறை கொட்டிப் பாருங்கள்:

1 / (1 − (எ − 1)/எ) = 1 / (1/எ) = எ

மூன்று ‘ச’ சேர்ந்தால் ஒன்றுமே செய்யாத விதி. ஒவ்வொரு ‘ச’-விலும் இரண்டு அடிகள், மூன்றிரண்டு ஆறு. எண் எதுவானாலும் ஆறாவது அடியில் வீடு திரும்பியது இதனால்தான். ‘க’-வையும் ‘த’-வையும் எந்த வரிசையில் எத்தனை முறை கோத்தாலும் எ, 1 − எ, 1/எ, 1/(1 − எ), (எ − 1)/எ, எ/(எ − 1) என்ற ஆறைத் தாண்டி ஏழாவது விதி பிறக்காது.

இந்த ஆறை வேறோர் இடத்திலும் காணலாம். அட்டையில் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் ஒன்றை வெட்டி எடுங்கள். வெட்டிய ஓட்டைக்குள் அதைத் திரும்பப் பொருத்த ஆறே வழிகள்: அப்படியே வைக்கலாம், இரண்டு விதமாகச் சுழற்றி வைக்கலாம், மூன்று விதமாகப் புரட்டி வைக்கலாம். இரண்டு வெவ்வேறு புரட்டல்களை அடுத்தடுத்துச் செய்தால் ஒரு சுழற்சி ஆகிவிடும். மூன்று சுழற்சி முடிந்தால் பழைய நிலை. ‘க’-வும் ‘த’-வும் புரட்டல்கள், ‘ச’ சுழற்சி.

முக்கோணத்துக்கு மூலைகள் வேண்டுமே, அவை எங்கே? தொடக்கத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய 0, 1 இரண்டையும் நினைத்துப் பாருங்கள். ‘க’ 0-வையும் 1-ஐயும் இடம் மாற்றுகிறது. ‘த’ 1-ஐ அசைக்காமல், 0-வை முடிவிலிக்கும் முடிவிலியை 0-வுக்கும் அனுப்புகிறது. 0, 1, முடிவிலி: இந்த மூன்றும்தான் மூலைகள். அதனால்தான் அவற்றில் நின்று விளையாட முடியவில்லை.