டவுன் சாக்கடைக் குழாயும் கர்ப்பிணித் தாயும்

பக்கத்து டவுனில் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் சுற்றிக்கொண்டு போகிறது. "பாதாளச் சாக்கடையை ரிப்பேர் பண்றாங்களாம், எப்ப முடியுமோ" என்று சலித்துக்கொள்கிறோம். டவுன் சாக்கடை உடைந்தால் கிராமத்தில் இருக்கிற நமக்கென்ன என்றும் தோன்றும். ஆனால் பிரசவத்துக்குப் போகிற பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. மகளைக் கட்டிக்கொடுத்த வீடும் அங்கே இருக்கலாம். சந்தைக்குப் போனால் டீக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்காமல் யார் திரும்புகிறார்கள்? அந்தத் தண்ணீருக்கும் ரோட்டுக்கு அடியில் கிடக்கும் பழைய சாக்கடைக் குழாய்க்கும் சம்பந்தம் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சாக்கடைக் குழாய்க்கும் வயதாகும். பழைய குழாய்கள் பெரும்பாலும் சுட்ட மண்ணால் ஆனவை. துண்டு துண்டாக வைத்து, சேரும் இடத்தில் சிமெண்டு பூசியிருப்பார்கள். மேலே பார லாரி ஓட ஓட மண் அமுங்கி, பூச்சு விட்டுப் போகும். மரத்து வேர் ஈரத்தைத் தேடி அந்த விரிசலுக்குள் மயிரிழையாக நுழைந்து, உள்ளே சடை போல வளர்ந்து அடைத்துக்கொள்ளும். சிமெண்டுக் குழாய்க்கு வேறு வியாதி. தேங்கிய கழிவிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு எழும்பி, குழாயின் மேல்புறத்து ஈரத்தில் கிருமிகளால் கந்தக அமிலமாக மாறுகிறது. அமிலம் மேற்கூரையை அரித்துத் தின்றுவிடும். ஒருநாள் திடீரென்று ரோடு உள்வாங்குவது இதனால்தான்.

கசிந்த கழிவு பக்கத்து மண்ணில் ஊறி நிற்கிறது. அதே மண்ணுக்குள்தான் குடிநீர்க் குழாயும் போகிறது. தண்ணீர் விடும் நேரத்தில் அழுத்தம் இருப்பதால் அழுக்கு உள்ளே நுழைய முடியாது. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி, ஓட்டை வழியாக வெளி அழுக்கை உள்ளே இழுக்கும். வீட்டுக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் இந்தக் கேட்டை அதிகமாக்குகிறார்கள். மறுநாள் வரும் முதல் தண்ணீர் கலங்கலாக, வாடையோடு வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். தெளிவாக வந்தாலும் கிருமி கண்ணுக்குத் தெரியாது.

டில்லியில் 1955 கடைசியில் நடந்ததைக் கேளுங்கள். நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை நீர், யமுனையில் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் நிலையத்துக்குள் புகுந்துவிட்டது. குளோரினைக் கூட்டித்தான் போட்டார்கள். அப்படியும் ஒரு கிருமி தப்பிவிட்டது. அந்த டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அது 'ஈ' வகைக் காமாலை என்று பல வருஷங்களுக்குப் பின்பே தெரிந்தது. இந்த வகை மற்றவர்களைச் சில வாரம் படுக்க வைத்துவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடும். கர்ப்பிணியை அப்படி விடாது. கடைசி மூன்று மாதத்தில் கண்டால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரைகூட உயிரிழக்க நேரிடுகிறது. குடித்த 2 முதல் 10 வாரம் கழித்தே நோய் தெரியும் என்பதால், எங்கே குடித்தோம் என்பதே அதற்குள் மறந்து போகும்.

ஆகவே ரிப்பேர் நடக்கட்டும், பஸ் சுற்றிப் போகட்டும். ஒரு இடத்தில் ஒட்டுப் போட்டால் அடுத்த இணைப்பில் கசியும் என்பதால் நீளமாகவே மாற்ற வேண்டியிருக்கிறது. முதலில் மேல்பக்கத்தில் குழாயை அடைத்து, கழிவைப் பம்பு வைத்து வேறு வழியாகத் திருப்புகிறார்கள். சிறு கேமராவை உள்ளே அனுப்பி எங்கே உடைசல் என்று பார்க்கிறார்கள். பிறகு பழையதைத் தோண்டி எடுத்துப் புதுக் குழாய் பதிக்கிறார்கள். தோண்டாமலும் செய்யலாம்: பிசினில் ஊறிய துணிக்குழலை உள்ளே செலுத்தி, சுடுநீர் ஊற்றி இறுக வைத்தால் பழைய குழாய்க்குள்ளேயே புதுக் குழாய் உண்டாகிவிடும். எரிக் வுட் என்ற பொறியாளர் 1971-ல் லண்டனில் இதைச் செய்து காட்டினார்.

வேலை நடக்கும் நாட்களில் மண்வெட்டி பட்டுக் குடிநீர்க் குழாயும் உடைவதுண்டு. அப்போது அங்கே தங்க நேர்ந்தால் குழாயில் முதலில் வருவதைக் கீழே விட்டுவிடுங்கள். குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற வையுங்கள். வெதுவெதுப்பாகச் சுட வைப்பது போதாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொதித்த தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் போவது கணவரின் பொறுப்பாக இருக்கட்டும். "மாசமா இருக்கிறவ தூக்கிட்டு வருவா" என்று விட்டுவிடாதீர்கள்.

கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்ந்து, சாப்பாடே பிடிக்கவில்லை என்றால் கர்ப்பிணியை அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம், சூடு போட்டுப் பார்ப்போம் என்று நாளைக் கடத்த வேண்டாம். மயக்கமோ பிதற்றலோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையைச் செவிலியரிடம் கேட்டு வாங்கி 14 நாள் கொடுக்க வேண்டும்.

நம் ஊரில் சாக்கடைக் குழாய் இல்லாவிட்டாலும் கக்கூஸ் குழி இருக்கிறதே. 1854-ல் லண்டன் பிராட் தெருவில் ஒரு தாய், பேதி கண்ட கைக்குழந்தையின் துணியை அலசிய நீரை வீட்டுக் குழியில் ஊற்றினார். குழியின் செங்கல் கட்டு இற்றுப் போயிருந்தது. தெருக்கிணறு மூன்றடிக்குள் இருந்தது. அந்த வட்டாரத்தில் காலராவில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இருக்க வேண்டும்.

கணவன்மாருக்கு இன்னொரு விஷயம். டவுனில் "மேன்ஹோல்ல இறங்கி அடைப்பு எடுத்தா கூலி அதிகம்" என்று யாராவது கூப்பிடலாம். உள்ளே இருக்கும் வாயு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். தூக்கப் போனவரும் சாய்வார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றம் என்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. நம் வீட்டு செப்டிக் டேங்குக்கும் இதே சட்டம்தான். நிறைந்தால் உறிஞ்சுகிற லாரியை வரச் சொல்லுங்கள், ஆளை இறக்காதீர்கள்.