ஊசி போன வழியே மழை வரும்

‘டார்பாலின்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழுக்கு வந்தபோது தார்ப்பாய் ஆனது. ஒலியும் பொருந்தியது, பொருளும் பொருந்தியது. பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகள் கித்தான் துணியில் தாரைப் பூசிச் சரக்கின் மேல் விரித்தார்கள். அதே துணியில் தொப்பியும் மேலங்கியும் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆங்கிலேய மாலுமிக்கு ‘டார்’ என்றே பட்டப்பெயர் உண்டு.

இன்று கடைவாசலில் நீல நிறத்தில் தொங்கும் தார்ப்பாயில் தாரும் கிடையாது, கித்தானும் கிடையாது. பாலிஎத்திலீன் நாடாக்களை நெய்து, இருபுறமும் அதே பிளாஸ்டிக்கை உருக்கிப் படியவைத்த விரிப்பு அது. நெல் குவியலுக்கும் ஒழுகும் ஓட்டுக்கும் அதைவிட மலிவான காவல் இல்லை. ஆனால் அதைத் தோளில் சுமந்துபோய், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி, அதன் கீழே ஓர் இரவு படுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் குறை தெரியும். விடிய விடியப் படபடக்கும். மடித்த இடத்தில் விரிசல் விடும். காற்று பலமாக இழுத்தால் ஓரத்து வளையம் பிய்ந்து கையோடு வந்துவிடும். வீட்டில் தையல் மெஷின் இருந்தால், மலைக்கும் தோட்டத்துக்கும் எடுத்துப்போக இதைவிட நல்லதை நாமே தைத்துக்கொள்ளலாம்.

நான் முதன்முதலில் தைத்ததை ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் கட்டினேன். ஐப்பசி மாதம், அரை மணி நேரம் நல்ல மழை. துணிப்பரப்பில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. நடுவில் ஓடிய தையலில் மட்டும், புள்ளிக்கோலம் வைத்ததுபோல வரிசையாக நீர்மணிகள் முளைத்தன. ஒவ்வொன்றும் பருத்து, பக்கத்து மணியோடு சேர்ந்து, வழிந்து படுக்கையில் விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஊசி இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணி நின்றது. துணியைப் பதப்படுத்த இரண்டு நாள் செலவழித்தவன், தையலுக்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்திருந்தேன்.

காரணம் எளிது. எவ்வளவு நெருக்கி நெய்தாலும் நூலுக்கும் நூலுக்கும் இடையே துளை இருக்கும். வெறும் பருத்தித் துணிக்குத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அது நீரை இழுத்துக்கொள்ளும். அதே நூலின் மேல் மெழுகோ கொழுப்போ மெல்லியதாகப் படிந்துவிட்டால், சேம்பிலையில் உருளும் துளிபோல நீர் தன்னைத்தானே உருட்டிக்கொள்கிறது. துளை திறந்தேதான் இருக்கிறது. ஆனால் நீரின் மேற்பரப்பு இழுவிசை அதை உள்ளே நுழையவிடுவதில்லை. நுழைய வேண்டுமென்றால் அழுத்தம் வேண்டும். துளை சிறுத்தால் அந்த அழுத்தம் அதிகமாக வேண்டும், பெருத்தால் குறைவாகவே போதும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீரை விலக்கும் துணியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள துளை, ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும். கெட்டித்துணிக்குத் தையல்காரர்கள் போடும் 16-ஆம் நம்பர் ஊசியின் தடிமன் 1 மில்லிமீட்டர். துளை பத்து மடங்கு பெருத்தால் தாங்கும் உயரம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஊசித்துளையை நூல் ஓரளவு அடைக்கிறது என்பது உண்மைதான், முழுக்க அடைப்பதில்லை. தார்ப்பாயின் தரத்தைத் தீர்மானிப்பது பூச்சு என்று பலர் நினைக்கிறார்கள். தீர்மானிப்பது தையல்தான்.

இனி வேலைக்கு வருவோம். நெருக்கமாக நெய்த காடாத் துணியோ மெல்லிய கித்தானோ போதும். 60 அங்குல அகலத்தில் ஆறரை மீட்டர் வாங்கி, முதலில் வெந்நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். அதை இரண்டாக வெட்டி நீளவாக்கில் இணைத்தால், ஓரமடிப்பெல்லாம் போக ஏறக்குறைய 3 மீட்டருக்கு 3 மீட்டர் சதுரம் கிடைக்கும். இரண்டு மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம்.

இணைப்புத் தையலுக்கு ஜீன்ஸ் கால்சட்டையைப் பாருங்கள். காலின் ஓரத்தில் இரண்டு வரிசைத் தையல் இணையாக ஓடும். இரண்டு துணிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது கீழ்த்துணியின் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஒரு தையல் போடுங்கள். நீட்டிய விளிம்பைக் குட்டை விளிம்பின் மேல் மடித்து, பிரித்துப் படியவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்பின் ஓரத்தில் இரண்டாம் தையல் ஓட்டுங்கள். பிசிறெல்லாம் மடிப்புக்குள் போய்விடும். நான்கு அடுக்குத் துணி சேர்ந்து பட்டைபோல நிற்கும். ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிகிறதல்லவா, அதேபோல் மடிப்பின் வாய் சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மேல்பக்கம் பார்த்தால் ஓடிவரும் நீரையெல்லாம் அது ஏந்தி வைத்துக்கொள்ளும்.

நெருக்கித் தைத்தால் பலம் என்ற வழக்கமான எண்ணம் இங்கே உதவாது. தபால்தலை ஓரம்போல வரிசையாகத் துளையிட்ட துணி அந்த வரிசையிலேயே கிழியும். தையலுக்குத் தையல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். துணியைப் பிடித்துவைக்கக் குண்டூசி குத்த வேண்டாம், துணி உலர்த்தும் கிளிப் போதும். நூலில் ஒரு நுட்பம் உண்டு. பருத்தி நூல் நனைந்தால் உப்பி ஊசித்துளையை நிறைக்கும், ஆனால் சீக்கிரம் மக்கிவிடும். பாலியஸ்டர் நூல் மக்காது, உப்பவும் செய்யாது. அதனால்தான் கித்தான் கூடாரங்களுக்குப் பாலியஸ்டர் இழையின்மேல் பருத்தியைச் சுற்றிய நூல் பயன்படுகிறது. அது கிடைக்காவிட்டால் பாலியஸ்டர் நூலாலேயே தைத்து, முடிந்தபின் தேன்மெழுகுக் கட்டியைத் தையல் வரிசையில் இருபுறமும் அழுத்தித் தேய்த்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுங்கள். மெழுகு சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகித் துளைக்குள் இறங்கும். என் ஏற்காட்டு ஒழுகல் நின்றது இப்படித்தான்.

ஓரங்களை நேர்கோட்டில் விட்டால் நடுப்பகுதி தொளதொளத்துக் காற்றில் அடித்துக்கொள்ளும். இரு மூலைகளுக்கு நடுவே விளிம்பைச் சற்றே உள்வாங்கி வெட்ட வேண்டும். 3 மீட்டர் பக்கத்துக்கு நடுவில் 10 சென்டிமீட்டர் உள்வாங்கினால் போதும். வளைவை எப்படி வரைவது? மெல்லிய சங்கிலி ஒன்றின் இரு முனைகளையும் சுவரில் பிடித்துத் தொங்கவிட்டால் அதுவே அந்த வளைவைக் காட்டும். தொங்கும் சங்கிலியின் கணிதத்தை ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் 1691-இல் கண்டுபிடித்தார்கள். விளிம்பை அப்படி வெட்டிய தார்ப்பாயை மூலைகளில் இழுத்துக் கட்டினால் ஓரம் முழுவதும் விறைப்பாக நிற்கும். இழுவை முழுவதும் மூலைகளில் சேர்வதால், அங்கே ஒரு சாண் அளவு துணி ஒட்டுவைத்து, கெட்டி நாடாவில் வளையம் தைத்துவிடுங்கள்.

பதப்படுத்துவதற்கு நான் பரிந்துரைப்பது பழைய படிகார முறையை. சலூனில் சவரம் முடிந்ததும் தேய்க்கும் அதே படிகாரம்தான். லிட்டருக்கு 60 கிராம் வீதம் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, துணியை ஊறவைத்துப் பிழிந்து காயவையுங்கள். பிறகு லிட்டருக்கு 30 கிராம் படிகாரம் கரைத்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து வெயிலில் உலர்த்துங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். நீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாவதால் வருவது அது. இங்கே படிகாரத்தின் அலுமினியம் அதையே நூலிழைகளுக்குள் செய்கிறது. உள்ளே படியும் அலுமினியச் சோப்பு நீரை விலக்கும், காற்றை விடும். சோப்புக் கரைசலுக்கு மழைநீர் நல்லது. டிடர்ஜென்ட் கட்டி கூடாது, அது கடின நீரிலும் திரியாதபடி உருவாக்கப்பட்ட பொருள். இந்தப் பதம் நிரந்தரமானதும் அல்ல. உள்ளே நீர் கசியத் தொடங்கினால் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

எடையைக் குறைக்க விரும்புகிறவர்கள் சிலிக்கோன் ஊறிய நைலான் துணிக்குப் போகிறார்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம்தான். இதே அளவுக்குத் துணி அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் ரே ஜார்டின் போன்ற நெடுநடைப் பயணிகள் தங்கள் தார்ப்பாயைத் தாங்களே தைத்துக் காட்டி இந்த வழக்கத்தைப் பரப்பினார்கள். நைலான் நனைந்தால் தொய்யும், மழைக்கு நடுவே எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். மெழுகு ஏறாது என்பதால் தையலுக்குச் சிலிக்கோன்தான் பூச வேண்டும்.

எந்தத் துணியானாலும் சரிவாகக் கட்டுங்கள். கயிற்றின் வழியே உள்ளே ஓடிவரும் நீரை நிறுத்த, கூரைக்குச் சற்று வெளியே கயிற்றில் ஒரு நூல்துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். நீர் அங்கேயே சொட்டிவிடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மெழுகைப் பெட்ரோலில் கரைத்துத் துணி முழுவதும் பூசும் பழைய முறையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் ரிங்ளிங் சர்க்கஸின் பெரிய கூடாரம் அப்படிப் பூசப்பட்டுத்தான் நின்றது. தீப்பிடித்துப் பத்து நிமிடத்துக்குள் முழுவதும் எரிந்து விழுந்தது. 160-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். தையல் வரிசையில் தேய்க்கும் மெழுகுகூட எரியக்கூடியதுதான். தார்ப்பாய்க்கு அடியில் அடுப்பு மூட்டாதீர்கள். மழை எவ்வளவு பெய்தாலும் சமையல் வெளியிலேயே நடக்கட்டும்.