நம் மலையின் "இருதலை"ப் பாம்பு

மழை விட்ட காலை வேளைகளில், சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத்து ஓரங்களில், ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள வழவழப்பான சிறு பாம்பொன்று ஊர்ந்து செல்வதை நாம் காணலாம். தலையும் வாலும் ஒன்றுபோல் தோன்றுவதால் அதை "இருதலைப் பாம்பு" என்கிறோம். ஆறு மாதம் ஒரு தலையாலும், ஆறு மாதம் மறு தலையாலும் நடக்குமாம்! நக்கினால் தோல் நோய் வருமாம்! இவை வெறும் கட்டுக்கதைகளே. இருப்பது ஒரே தலைதான். அதற்கு நஞ்சும் இல்லை. (ஆயினும் தோழியரே, இனம் தெரியாத எந்தப் பாம்பையும் தொடாதீர்கள்.)

இதன் பெயர் கேடயவால் பாம்பு. அறிவியலார் வைத்த யூரோபெல்டிஸ் என்ற பேரினப் பெயருக்கும் கிரேக்க மொழியில் அதே பொருள்தான். வால் நுனி சீவிவிட்டாற்போல் மொட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். அதில் ஈரமண் அப்பிக்கொள்ளும்; பாம்பு வளைக்குள் போனதும் பின்னால் வரும் பகைவனுக்கு அதுவே கதவடைப்பு. மூக்கு கூர்மையானது. கண்களோ கடுகளவே. மண்ணுக்குள் வாழ்பவருக்குக் கண் எதற்கு?

வியப்பெல்லாம் உடலின் முன்பகுதியில்தான் இருக்கிறது. அங்குள்ள தசைகள் மயோகுளோபின் என்னும் புரதம் மிகுந்து கருஞ்சிவப்பாக இருப்பதால் எளிதில் களைப்பதில்லை. தோலுக்குள்ளேயே முதுகெலும்பு நெளிந்து உடலைப் பருக்கச் செய்து வளையின் சுவரில் முட்டுக்கொடுக்கிறது. பின் நிமிர்ந்து தலையை முன்னே தள்ளுகிறது. எஞ்சின் பின்னால் வரும் ரயில் பெட்டிகளைப் போல மற்ற உடல் இழுபட்டு வருகிறது. உணவு மண்புழு. முட்டையிடாமல் குட்டி போடும்.

சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம் என்பவர் 1863இல் நம் மலையின் இனத்தை விவரித்து, மருத்துவர் ஜான் ஷார்ட்டின் பெயரைச் சூட்டினார். பின்னர் வந்தோர் அதை இலங்கையின் பெயர் தாங்கிய வேறோர் இனத்துடன் சேர்த்துவிட்டனர். (அந்த இனம் இலங்கையில் வாழ்வதே இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கிறது என்பது வேடிக்கை!) 2014இல் ஆய்வாளர்கள் மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்து, ஷார்ட் கேடயவால் பாம்பு தனி இனமே என்று நிலைநாட்டினர். அதுவரை, இங்கே அழிந்தாலும் வேறு மலைகளில் இருக்கும் என்று எண்ண இடமிருந்தது. இப்போது அதற்குரிய இருப்பிடம் சேர்வராயன் மலை ஒன்றே. ஏதேன் தோட்டத்துப் பாம்பின் பழியைச் சுமந்து மண்வெட்டிக்கு இரையாவதும், சாலையில் சக்கரங்களுக்கடியில் நசுங்குவதும் இந்த மண்புழு தின்னும் பிராணிதான்.