குளத்து மீனும் குடியானவனும்

நெல் விளையும் வயலை நீங்கள் அறிவீர்கள். மீன் விளையும் வயலும் ஒன்று உண்டு, அதுவே ஊர்க்குளம். எந்த வயலுக்கும் விதை வேண்டுமன்றோ? அவ்விதையைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் நம் நாட்டுப் பெருங்கெண்டைகள். குளத்தில் விட்டால் கொழுத்து வளரும். ஆயினும் தேங்கிய நீரில் முட்டையிட மாட்டா. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போதுதான் இனம் பெருக்கும். ஆகவே, வங்காளத்தில் வெள்ளத்திலே வலை கட்டிக் குஞ்சுகளைப் பிடித்து, மண்பானைகளில் இட்டுப் புகைவண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வழிநெடுக ஒருவர் பானை நீரைக் கையால் அளைந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் குஞ்சுகள் மூச்சு முட்டி மாளும். இத்தனை பாடுபட்டும், பிற மீன்களைத் தின்னும் மீன்களின் குஞ்சுகளும் அவற்றோடு கலந்திருக்கும். களை கலந்த விதையை வாங்கி ஏழை எங்ஙனம் பிழைப்பான்?

1957 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாள் இந்நிலை மாறத் தொடங்கிற்று. ஒடிசாவில் உள்ள அங்குல் என்னும் ஊரில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர், மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்து, அதன் சாற்றைக் கெண்டைக்கு ஊசி வழியே செலுத்தினார். ஆற்று வெள்ளம் செய்யும் வேலையை அச்சாறு செய்தது. மீன் தேங்கிய நீரிலேயே முட்டையிட்டது! அந்த நாளையே நாட்டில் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகின்றனர். இன்று சுரப்பிச் சாற்றுக்கு மாற்றாகச் செயற்கை மருந்துகளும் வந்துவிட்டன.

கட்லா மேல்நீரிலும், ரோகு இடைநீரிலும், மிர்கால் அடித்தரையிலும் இரை தேடும். மூன்று மாடி வீட்டில் மூன்று குடும்பங்கள் குடியிருப்பதுபோல ஒரே குளத்தில் இவை சண்டையின்றி வாழும். 1959 இல் அயல்நாட்டு வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் வந்து சேர்ந்தன. குளத்தில் சாணம் இட்டால் கெண்டைக்கு இரையாகும் மிதவை உயிர்கள் பெருகும். தவிடும் பிண்ணாக்கும் மேலுணவு. யாவும் குடியானவன் வீட்டுப் பொருள்களே. நன்கு பேணினால் ஓராண்டில் ஒரு மீன் ஏறத்தாழ ஒரு கிலோ நிறையும்.

ஆனால் குளம் யாருடையது? நான் தலைமையாசிரியனாய் இருந்த சிற்றூரில் குளத்தை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். பணம் படைத்தவரே எடுப்பார். ஓராண்டுக் குத்தகைக்குச் சேறு அள்ளிச் சுண்ணாம்பு இடுபவர் யார்? கூலி வேலை செய்யும் பெண்கள் சிலர் என்னிடம் வந்து மனு எழுதித் தரக் கேட்டனர். நான் மீன் உண்பவன் அல்லன். ஆயினும் மூன்று மனுக்கள் எழுதினேன். முதல் இரண்டுக்கு விடையே இல்லை. மூன்றாவதற்கு, பெரிய குளத்தை அன்று, கோயிலுக்கு வடக்கே கிடந்த சிறு குட்டையை மூன்றாண்டுக் குத்தகைக்குத் தந்தார்கள்.

மறு கோடையில் வலை இழுத்த நாளன்று ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. காரணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.